ஒரே பதில் சொன்ன குப்பம்

பொய் சொல்கிறவர்களைக் கண்டுபிடிக்க எங்கள் கம்பெனியில் ஒரு சாஃப்ட்வேர் இருக்கிறது. கம்பெனி சென்னையில் இருக்கிறது. சாஃப்ட்வேர் எங்கே இருக்கிறது என்று கேட்டபோது கிளவுடில், அதாவது மேகத்தில் என்றார்கள். உப்பளத்துக்காரன் வீட்டில் பிறந்தவனுக்கு மேகம் என்றாலே உப்பு கரையும் பயம்தான். அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போய்ப் படித்த முதல் ஆள் நான். அப்பாவும் ஒருமுறை போயிருக்கிறார், சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க. திண்டிவனத்தில் புள்ளியியல் படித்துவிட்டு, சந்தை ஆய்வு செய்யும் கம்பெனியில் டேட்டா அனலிஸ்டாகச் சேர்ந்தேன். ஜனங்கள் எதை வாங்குகிறார்கள், எதை வாங்குவதில்லை, ஏன் என்று கேட்டு, வந்த பதில்களைக் கூட்டிக் கழித்து, படம் போட்டுக் காட்டுவது எங்கள் தொழில். அம்மாவிடம் இதை விளக்கினேன்.

"அடுத்தவன் வூட்ல இன்னா இருக்குதுன்னு கேக்குறதுக்கு ஒரு படிப்பாடா?" என்றார் அம்மா. "அத வெளிய சொன்னா ஊர்ல சண்ட வருமே."

"படமா போட்டுக் காட்டுவோம்மா. பேர் வராது."

"பேரே வராதுன்னா அப்புறம் யாருக்குடா அதுல ருசி?"

எங்கள் கம்பெனிக்காக மரக்காணம் பக்கம் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டு டேப்லெட்டில் ஏற்றுகிறவர் ஓர் அக்கா. பள்ளிக்கூடத்தில் எனக்கு முன்னால் படித்தவர். கடைத்தெருவில் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பம், அண்ணன் துபாயில். வீட்டில் கல்யாணப் பேச்சு எழும்போதெல்லாம் அக்கா டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு மீனவக் குப்பத்துக்குக் கிளம்பிவிடுவார் என்று அவர் அம்மாவே சொல்வார். வேலை இருக்கும்வரை மாப்பிள்ளையைத் தள்ளிப்போடலாம் என்பது அவர்களுக்குள் எழுதாத ஒப்பந்தம். என்மேல் பிரியமாக இருந்தால் 'தம்பி' என்பார். கோபம் வந்தால் 'சார்'.

அந்த முறை வந்தது ஃபிரிட்ஜ் சர்வே. பெரிய ஃபிரிட்ஜ் கம்பெனி ஒன்றுக்குக் கடற்கரை ஊர்களில் யாரிடம் ஃபிரிட்ஜ் இருக்கிறது, யாரிடம் இல்லை, அடுத்து எதை வாங்குவார்கள் என்று தெரிய வேண்டும். கேள்வித்தாளை ஆங்கிலத்தில் எழுதியவர் குளிர்சாதன அறையை விட்டு வெளியே வந்திருக்க மாட்டார். அதைத் தமிழாக்கியது ஒரு மெஷின். 'இந்த பிராண்டை ஒரு மனிதராக நினைத்தால் அவர் எப்படிப்பட்டவர்?' என்று ஒரு கேள்வி. எங்கள் பக்கத்துக் குப்பத்தில் ஒரு பெண் அதற்குச் சொன்ன பதிலை அக்கா எனக்குக் குரல் செய்தியாக அனுப்பினார்: "எம் மாமியா மாதிரி. ராத்திரியெல்லாம் முணுமுணுன்னும், உள்ள இருக்கறத மட்டும் குடுக்காது." எங்கள் பட்டியலில் 'நம்பகமானவர், நவீனமானவர், உற்சாகமானவர்' என்ற மூன்றுதான் உண்டு. மாமியாரை நம்பகமானவரில் போட்டோம்.

'இதை உங்கள் நண்பருக்குப் பரிந்துரைப்பீர்களா, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் சொல்லுங்கள்' என்பது இன்னொன்று. உலகம் முழுக்கக் கம்பெனிகள் இந்த எண்ணை வைத்துத்தான் தூங்குகின்றன, எழுகின்றன. குப்பத்தில் யாரும் பூஜ்யத்துக்கு மேல் போகவில்லை. "நான் சொல்லி அவ வாங்கி, அது கெட்டுப்போனா, என் வாசல்ல வந்து மண்ண வாரி எறைப்பா. எனக்கு எதுக்கு?" என்பது அவர்கள் கட்சி. இதில் தவறு கண்டுபிடிக்க என் புள்ளியியலால் முடியவில்லை.

சர்வே முடிந்த வாரத்தில் அக்காவின் பெயருக்கு நேரே சிவப்பு விழுந்தது.

சிவப்பு என்றால் போலி. ஒரே இடத்தில் உட்கார்ந்துகொண்டு தானே எல்லாப் பதிலையும் தட்டியவர் என்று சாஃப்ட்வேர் தீர்ப்பு எழுதிவிட்டது. ஆதாரம் இரண்டு. குப்பத்தில் எடுத்த எல்லா நேர்காணலும் வரைபடத்தில் ஒரே புள்ளியில் இருந்தன. எல்லாப் பதிலும் ஒரே பதில்: ஃபிரிட்ஜ் இல்லை, வாஷிங் மெஷின் இல்லை, டிவி இல்லை, வாங்கும் எண்ணமும் இல்லை. சிவப்பு உறுதியானால் பெயர் கறுப்புப் பட்டியலுக்குப் போகும். அந்தப் பட்டியலை ஆய்வுக் கம்பெனிகள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும். அப்புறம் அக்காவை யாரும் எந்தக் கேள்வியும் கேட்க அனுப்ப மாட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் மட்டும்தான் கேள்வி கேட்பார்கள்.

போன் வந்தது.

"சார், நான் கள்ள சர்வே எடுத்தேன்னு மெசேஜ் வந்திருக்குது சார். நோன்பு வெச்சிக்கிட்டு வெயில்ல நடந்தேன் சார். நான் ஏன் சார் ஹராம் வேலை செய்யணும்?"

"அக்கா, நான் அனுப்பலக்கா. அது சிஸ்டம்."

"சிஸ்டத்துக்கு அம்மா அப்பா இருக்குதா? இருந்தா நம்பர் குடுங்க சார், பேசிக்கிறேன்."

என் மேலாளரிடம் போனேன். நல்ல மனிதர், காலையில் ஓடுகிறவர், மதியம் இலைதழை சாப்பிடுகிறவர். எதற்கும் குரலை உயர்த்த மாட்டார். "எமோஷனலா பாக்காதீங்க. டேட்டா என்ன சொல்லுதோ அதுதான்" என்றார். ஒரு பெண்ணின் பேச்சை அவர் உணர்ச்சி என்கிறார், ஒரு சிவப்புப் பொட்டின் பேச்சை உண்மை என்கிறார் என்று எனக்குத் தோன்றியது. "நான் நேர்ல போய்ச் சரிபார்க்கலாமா சார்? எங்க ஊர்ப் பக்கம்தான்" என்று மட்டும் கேட்டேன். பஸ் செலவு கேட்க மாட்டேன் என்று தெரிந்ததும் சம்மதித்தார்.

அக்காவும் நானும் குப்பத்துக்குப் போனோம். மரக்காணத்துக்காரனுக்கு இதில் புரியாதது எதுவுமில்லை. சென்னையில் இருந்த நாட்களில் எனக்கு அது கொஞ்சம் மங்கியிருந்தது, அவ்வளவுதான். சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் யார் கையில் பேப்பரோடு வந்து 'வீட்டில் என்ன இருக்கிறது' என்று கேட்டாலும், அது நிவாரணம். ஒவ்வொரு புயலும் அதை உறுதிப்படுத்தியது. இருக்கிறது என்று சொன்னவன் வீட்டுக்கு ஒன்றும் வரவில்லை, இல்லை என்றவன் வீட்டுக்கு அரிசியும் பாயும் வந்தன. அதனால் குப்பத்தில் பஞ்சாயத்தார் கூடி ஒரு முடிவு எடுத்து வைத்திருந்தார்கள்: வெளியாள் கேட்டால் ஊர் முழுக்க ஒரே பதில். இல்லை. ஆளாளுக்கு ஒன்று சொன்னால் ஊருக்கே வராமல் போய்விடும். கடலுக்குப் போகக் கூடாது என்று பஞ்சாயத்து சொன்னால் ஒரு படகும் இறங்காத ஊர் அது. ஃபிரிட்ஜ் இல்லை என்று முடிவாகிவிட்டால் ஒரு ஃபிரிட்ஜும் இருக்காது.

இருந்தன. நானே பார்த்தேன். ஒரு வீட்டில் கதவுக்கு நேர் எதிரே, மாலை போட்ட ஃபிரிட்ஜ். ஆயுத பூஜைக்குப் போட்டது, எடுக்கவில்லை. இன்னொரு வீட்டில் போன புயலில் தண்ணீர் புகுந்து செத்துப்போன ஃபிரிட்ஜில் பட்டுப்புடவையும் ஆதார் அட்டையும் வைத்துப் பூட்டியிருந்தார்கள். பீரோவைவிடப் பூட்டு உறுதி என்றார்கள்.

"ஏங்க்கா, நீ எல்லாரையும் ஒரே இடத்துல வெச்சு எடுத்தியா?" என்று அக்காவைக் கேட்டேன்.

"வூட்டுக்குள்ள விட்டாத்தானே தம்பி? விட்டா ஃபிரிட்ஜ் தெரியும்னு வலைக் கொட்டாயாண்ட இட்டுனு வந்து உக்கார வெச்சாங்க. ஒருத்தி போவா, இன்னொருத்தி வருவா. டீ கூட குடுத்தாங்க."

"உனக்குத் தெரியும்தானே, அவங்க வூட்ல இருக்குதுன்னு?"

"தெரியும். உங்க ரூல்ஸ்ல என்னா போட்டிருக்குது? 'பதிலாளர் சொல்வதை மட்டும் பதிவு செய்யவும், சொந்தக் கருத்தைச் சேர்க்கக் கூடாது.' சேக்கல. இப்ப சேத்திருக்கணும்றீங்களா சார்?"

மறுபடி சார்.

நான் பார்த்ததையெல்லாம் எழுதினேன். நேர்காணல்கள் நடந்தது உண்மை, பதில்கள் உண்மையல்ல, இரண்டும் வேறு விஷயம், இந்த ஊரில் கேள்வி கேட்பது என்றால் நிவாரணம் என்று பொருள், கேள்வியையே மாற்றிக் கேட்க வேண்டும், அக்கா மேல் பிழையில்லை என்று. படித்தவன் என்ற பெருமையோடு பத்தி பிரித்து, துணைத்தலைப்பு போட்டு அனுப்பினேன்.

மேலாளர் படித்தார். "நல்லா எழுதியிருக்கீங்க, கதை மாதிரி இருக்கு" என்றார். "ஆனா எனக்கு நம்பர் வேணும். திரும்ப எடுக்கச் சொல்லுங்க. பதில்கள்ல கொஞ்சம் ஏற்ற இறக்கம் வந்தா சிவப்பு தானா போயிடும். திண்டிவனம் பக்கம் எடுத்த பையனைப் பாருங்க, எப்படி வந்திருக்கு."

திண்டிவனம் பக்கம் எடுத்த பையன் எங்கள் கம்பெனியின் பச்சைத் தங்கம். அந்த மாதத்தின் சிறந்த களப்பணியாளர் என்று அவன் படத்தை எல்லோருக்கும் அனுப்பியிருந்தார்கள். அவன் வரைபடத்தைத் திறந்தேன். வலை வீசினதுபோலப் புள்ளிகள் அழகாகப் பரவியிருந்தன. பதில்களில் எல்லாம் இருந்தது: ஏழை, பணக்காரர், ஒற்றைக் கதவு, இரட்டைக் கதவு, பரிந்துரைப்பவர், பரிந்துரைக்காதவர். யாரும் எந்தக் கேள்விக்கும் எரிச்சல்படவில்லை. எந்த மாமியாரும் முணுமுணுக்கவில்லை. ஒரு புள்ளி மட்டும் பெருமுக்கல் மலை உச்சியில் இருந்தது. அங்கே கோயில் இருக்கிறது. ஃபிரிட்ஜ் வாங்கும் எண்ணத்தில் உள்ள, இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான, நடுத்தர வருமானப் பெண் இல்லை.

அவனுக்கே போன் செய்தேன். ஒளிக்கவில்லை.

"ப்ரோ, பைக்ல பின்னாடி உக்காந்துக்குவேன். ஃப்ரெண்ட் ஓட்டுவான். போற வழில தட்டிக்கிட்டே போவேன். மலைக்கு சாமி கும்புடப் போனோம், அங்கயும் ஒண்ணு தட்டிட்டேன்."

"ஒரு ஆள்கிட்டயாவது கேட்டியாப்பா?"

"கேட்டா ஒரே மாதிரி சொல்றாங்க ப்ரோ. சிவப்பு விழுது. எனக்கும் மொத மாசம் விழுந்துச்சு. அப்புறம்தான் புரிஞ்சிக்கிட்டேன்."

மலை உச்சிப் பெண்ணைப் பற்றி மேலாளரிடம் சொன்னேன். கணினியைப் பார்த்தார். பச்சை. என்னைப் பார்த்தார். "ஜிபிஎஸ் சில நேரம் தள்ளிக் காட்டும்" என்றார். அக்காவுக்கு மட்டும் தள்ளிக் காட்டாத ஜிபிஎஸ்.

இப்போது அக்கா திரும்ப எடுத்தாக வேண்டும். குப்பத்தில் போய் நின்றார். நானும் கூடப் போனேன். பஞ்சாயத்துத் தலைவரையும் வலைக் கொட்டாயில் இருந்த பெண்களையும் கூப்பிட்டு அக்கா பேசினார்.

"நீங்க எல்லாம் ஒரே மாதிரி சொன்னதுல என் வேலை போவுது. இது நிவாரணம் இல்ல. புயலுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. ஃபிரிட்ஜ் விக்கிறவன் கேக்குறான். இருக்கறதச் சொல்லுங்க, போதும்."

தலைவர் யோசித்தார். "நீ எங்க பொண்ணு மாதிரி. உன் வேலை போவக் கூடாது. சரிதான். ஆனா இருக்குதுன்னு ஊரே சொல்லிட்டா, நாளைக்கி புயல் வந்தா இத எடுத்து வெச்சிக்கிட்டு இல்லன்னுடுவானே?"

"அவனுக்கும் கவர்மென்ட்டுக்கும் என்னாங்க சம்பந்தம்?"

"எல்லாம் ஒரே கம்ப்யூட்டர்தானேம்மா."

எனக்கு எங்கள் சாஃப்ட்வேர் இருக்கும் மேகம் நினைவுக்கு வந்தது.

பஞ்சாயத்து அங்கேயே கூடி அங்கேயே முடிவெடுத்தது. கடல் பக்கத்து வரிசை வீடுகளில் ஃபிரிட்ஜ் இருக்கிறது. ரோட்டுப் பக்கத்து வரிசையில் இல்லை. நிவாரணம் வந்தால் பாதி ஊருக்காவது வரும், ஊர் பங்கு போட்டுக்கொள்ளும். அக்காவின் வேலையும் தப்பும். "உள்ளதச் சொல்லுங்கய்யா, போதும்" என்று நான் கெஞ்சியது பாதி ஊருக்கு விளங்கவில்லை, பாதி ஊர் கேட்கவேயில்லை.

அக்கா கடல் பக்கத்து வரிசையில் முதல் பெண்ணிடம் கேட்டார். "இருக்குது" என்றாள். ரோட்டுப் பக்கத்து வரிசையில் ஒரு பெண்ணிடம் வந்தார். அவள் சொந்த அக்காள்தான் அந்த முதல் பெண் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது.

"எங்க அக்கா வூட்ல இருக்குதுன்னு எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

"என்னா ஃபிரிட்ஜு?"

"அதெல்லாம் சொல்லக் கூடாதும்மா. உன் வூட்ல?"

"ஊர்ல இல்லன்னு சொல்லச் சொன்னாங்க." கடல் பக்கத்து வரிசையைப் பார்த்தாள். "அவ வூட்ல இருந்து எங்க வூட்ல இல்லன்னு போனா, நாளைக்கி என்னா நெனப்பாங்க? எழுது. ரெண்டு கதவு."

"ரெண்டு கதவா? உள்ள போய்ப் பாக்கட்டுமா?"

"பாக்காத. எழுது."

அதோடு பஞ்சாயத்துத் தீர்ப்பு உடைந்தது. சுனாமியிலிருந்து கட்டிக் காத்த ஒற்றுமை ஒரு ஃபிரிட்ஜில் போனது. பக்கத்து வீட்டில் இரண்டு கதவு என்றால் இந்த வீட்டில் வாஷிங் மெஷின் வந்தது. அடுத்த வீட்டில் ஏசி. ஒருத்தி மட்டும் பிடிவாதமாக ஒன்றுமே இல்லை என்றாள். அவள் வீட்டில்தான் மாலை போட்ட ஃபிரிட்ஜ் இருந்தது. "சாமி சத்தியமா இல்ல" என்று அதற்கு எதிரில் நின்றே சொன்னாள். போலீஸ் உறவுக்காரர் இருந்த வீட்டில் எதையும் சொல்ல மறுத்தார்கள். தலைவர் தன் வீட்டில் ஃபிரிட்ஜ் உண்டு, ஆனால் பழைய மீன் தின்னும் பழக்கம் தன் வம்சத்தில் இல்லை என்று தனியாக எழுதச் சொன்னார். அதற்கு டேப்லெட்டில் இடமில்லை.

அக்கா எல்லாவற்றையும் தட்டினார். சொன்னதை மட்டும். சொந்தக் கருத்து சேர்க்கவில்லை.

மறுநாள் பச்சை. சாதாரணப் பச்சை இல்லை. மேலாளர் அதைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினார். பதில்களின் பரவல் மிக இயல்பாக இருக்கிறதாம். இந்த ஊரில் ஏசி ஆசை வளர்ந்துவருகிறது என்று ஃபிரிட்ஜ் கம்பெனிக்கு ஒரு பக்கம் எழுதினார்கள். அதில் 'கரையோரத்தின் விழிப்பு' என்று தலைப்பு. கூடவே, இந்தப் பதில்களையும் திண்டிவனத்துப் பையன் பதில்களையும் கொட்டிப் பழக்கி, இனிமேல் ஆளிடமே கேட்காமல் கம்ப்யூட்டரே குப்பத்துக்காரர் மாதிரிப் பதில் சொல்லும் ஏற்பாடும் தயாராகிறது என்றார்கள். பைக்கின் பின்சீட்டில் பிறந்தவர்கள் நாளைக்கு வாடிக்கையாளர் ஆகிவிடுவார்கள். அவர்கள் எரிச்சல்பட மாட்டார்கள், டீயும் கேட்க மாட்டார்கள்.

எனக்கு வேண்டியது அக்காவின் பெயர் சிவப்பிலிருந்து வெளியே வருவது. வந்துவிட்டது என்று நினைத்தேன். அன்று சாயந்திரம் அக்காவின் டேப்லெட்டில் ஒரு பக்கம் திறந்தது. 'என் முந்தைய நேர்காணல்கள் முறைப்படி எடுக்கப்படவில்லை என்பதையும், தற்போதைய நேர்காணல்கள் உண்மையானவை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.' கீழே ஒரு பொத்தான்: ஒப்புக்கொள்கிறேன். வேறு பொத்தான் இல்லை. அதை அழுத்தினால்தான் அடுத்த வேலை திறக்கும்.

கடை வாசலில் நின்றுகொண்டிருந்தோம். அவர் அம்மா உள்ளே பக்கெட் அடுக்கிக்கொண்டே எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு வரன் புகைப்படம் கல்லாப் பெட்டி மேல் கவிழ்ந்து கிடந்தது.

"இது தலைகீழா இருக்குது தம்பி," என்றார் அக்கா. "மொதல்ல எடுத்தது நெஜம். இது கூத்து."

"தெரியும்க்கா. நான் எழுதியும் குடுத்துட்டேன். யாரும் கேக்கல. சும்மா ஒரு பொத்தான்தானே, அமுத்திடுக்கா. வேலை முக்கியம் இல்ல?"

"நீ அமுத்துவியா?"

நான் கவிழ்ந்து கிடந்த புகைப்படத்தைப் பார்த்தேன்.

"அமுத்துவ. உனக்குப் பழகிடுச்சு." குரலில் கோபம் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "நம்ம கிட்ட ஒருத்தி பதில் சொல்லலன்னா நாம என்னா போடுவோம்?"

"பதிலளிக்க மறுத்தார்னு போடுவோம்."

"அத போட்டு அனுப்பு."

உள்ளேயிருந்து அவர் அம்மா, "வேலைக்குப் போவாதன்னு நான் சொன்னா கேக்க மாட்டா. யாரோ மெஷின் சொன்னா மட்டும் வூட்ல உக்காந்துக்குவா. என் தலையெழுத்து, நசீப்பப் பாரு" என்றார். "அந்த போட்டோவ திருப்பி வெக்கிறேன், பாத்துக்கோ."

அக்கா பொத்தானை அழுத்தவில்லை. நான் மேலாளருக்கு எழுதினேன்: களப்பணியாளர், பதிலளிக்க மறுத்தார். அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இது வெறும் சம்பிரதாயம் என்று அக்காவுக்குப் புரியவைக்கச் சொன்னார். புரியவைத்தேன். மறுத்தார். இன்னொரு நாள் மேலாளர் அதையே இனிமையாகச் சொன்னார். அக்காவுக்கு அதையே இனிமையாகச் சொன்னேன். இனிமையாக மறுத்தார். அந்த நாட்களில் அக்கா கடையில் பக்கெட் விற்றார். மாப்பிள்ளை வீட்டார் ஒருமுறை வந்து டீ குடித்துவிட்டுப் போனார்கள். நான் பஸ்ஸில் போகும்போது கடை பக்கம் திரும்பாமல் செல்போனைப் பார்த்துக்கொண்டு போவேன்.

அப்புறம் ஃபிரிட்ஜ் கம்பெனி கேட்டது: அந்த விழித்துக்கொண்ட கரையோரத்தில் இன்னும் நான்கைந்து குப்பங்கள் உடனே வேண்டும், நிஜ ஆட்கள், நிஜ வீடுகள், போட்டோவோடு. கம்ப்யூட்டர் குப்பத்துக்காரர்கள் போட்டோவுக்கு நிற்க மாட்டார்கள். பச்சைத் தங்கத்தைப் போகச் சொன்னார்கள். அவன் ஒரு குப்பத்தின் வாசல்வரை போய், "ப்ரோ, இங்க பைக்கு உள்ள போவாது, மணலு" என்று எனக்கு மெசேஜ் போட்டுவிட்டுத் திரும்பிவிட்டான். காலக்கெடு நெருங்கியது. மணலில் நடந்து போகிற ஆள் அக்கா ஒருவர்தான்.

ஒரு காலையில் அக்காவின் டேப்லெட் தானாக ஒரு அப்டேட் வாங்கிக்கொண்டது. திறந்தபோது அந்த 'ஒப்புக்கொள்கிறேன்' பக்கம் இல்லை. நேரே அடுத்த வேலை வந்து நின்றது. அப்டேட்டில் ஒரு வரி மட்டும் இருந்தது. அக்கா போனில் எனக்கு வாசித்துக் காட்டினார்.

"'சிறு பிழைகள் சரிசெய்யப்பட்டுள்ளன.' இதுல பிழைன்னு சொல்றது யார தம்பி, என்னையா அவங்களையா?"

"அதுல பேர் போட மாட்டாங்கக்கா."

"சரி விடு. போட்டோ எடுக்கணும்னு போட்டிருக்குதே, வூட்டுக்குள்ள விடுவாங்களா?"

"தெரியலக்கா."

"நான் பேசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வைத்தார். வைப்பதற்கு முன்னால் அவர் அம்மா பின்னாலிருந்து எங்கே கிளம்பிட்ட என்று கேட்பதும், ஷட்டர் ஏறும் சத்தமும் கேட்டன.